கார் ஏசி கம்ப்ரஸர் கசிவு: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன பெட்ரோல் கார். ஒவ்வொரு மாசியிலும் ஏசிக்கு கேஸ் ஏற்றுகிறார். ஆடி பிறப்பதற்குள் குளிர்ச்சி போய்விடுகிறது. இந்த முறை ஒர்க்‌ஷாப்பில் "கம்ப்ரஸர் லீக் சார், மாத்திடுங்க" என்று 22,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீல் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, வீட்டிலேயே கழற்றி மாற்றிவிடக் கூடாதா என்பது அவர் கேள்வி.

மாற்றலாம். ஸ்பேனர் பிடிக்கிற வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். கேஸை இறக்குவது, வாக்குவம் போடுவது (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுப்பது), திரும்ப ஏற்றுவது மூன்றும் மெஷின் வைத்திருப்பவரிடம்தான். ஆனால் இதற்கெல்லாம் முன்னால், கசிவது கம்ப்ரஸர்தான் என்று அவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்? எந்த இடத்தில் கசிகிறது என்று காட்டினார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கார் ஏசியில் கேஸ் செலவாகிற பொருள் கிடையாது. பெட்ரோல் மாதிரி ஓட ஓடக் குறையாது. அடைத்த குழாய்களுக்குள் அதே கேஸைத்தான் கம்ப்ரஸர் அழுத்திச் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷத்துக்குக் கொஞ்சம் கிராம் வெளியேறுவது இயல்பு. அந்தக் கணக்கில் நாலைந்து வருஷம் தாங்கும். "வருஷா வருஷம் கேஸ் போடணும் சார், எல்லா வண்டிக்கும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். கேஸ் ஏற்றிய மறுநாளே காலி என்றால், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் ஓட்டையோ, ஹோஸ் வெடிப்போ, இறுக்காமல் விட்ட ஜாயின்ட்டோ இருக்கும். ஷாஃப்ட் சீல் ஒரே ராத்திரியில் அவ்வளவையும் விடுவது அபூர்வம். நாலைந்து மாதம் தாங்கி மெல்லக் குறைந்தால் ஓரிங் (ஜாயின்ட்டை அடைக்கும் ரப்பர் வளையம்), ஷாஃப்ட் சீல், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஊசிமுனை ஓட்டை, கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் வால்வின் நடுவில் இருக்கும் 'பின்' என்ற ஊசி இவற்றில் ஒன்று. உங்கள் வண்டி இந்த இரண்டாவது வகை. ஆகவே கம்ப்ரஸராக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது மட்டும்தான் என்று சொல்ல இடமில்லை.

நம் டெல்டாவில் கண்டென்சரையும் கூலிங் காயிலையும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் ரோட்டிலேயே காய வைப்பதால், கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்குள் வைக்கோல் தூளும் பதரும் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் ஈரம் தங்கும், ஈரம் தங்கிய இடத்தில் அலுமினியம் அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கண்டென்சரின் கீழ் மூலைகளைத்தான் முதலில் பாருங்கள். கசியும் இடத்தில் எண்ணெய் பிடித்து, அதன்மேல் தூசி ஒட்டி, கறுப்பாகத் திட்டு நிற்கும். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால் கேஸ் போகிற வழியில் ஆயிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கண்ணால் கசிவு தேடுவதற்கு இதுதான் ஒரே பிடி.

அப்புறம் கம்ப்ரஸருக்கு வாருங்கள். எஞ்சினின் பெல்ட் பக்கத்தில், பெரும்பாலும் கீழே உட்கார்ந்திருக்கும். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். ஸ்டாண்டு கொடுங்கள், இல்லையென்றால் தடிமனான மரக்கட்டை வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும். கம்ப்ரஸரில் கசியக்கூடிய இடங்கள் நாலைந்துதான். ஹோஸ் வந்து சேரும் இரண்டு வாய்களின் ஓரிங் ஒன்று. உடல் இரண்டு மூன்று துண்டாகச் சேரும் இடத்தில் உள்ள ஓரிங் இன்னொன்று. பின்பக்கம் இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வு, சில மாடல்களில் கண்ட்ரோல் வால்வு. கடைசியாக முன்பக்கம், ஏசி போட்டால் மட்டும் கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு சேர்க்கும் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஷாஃப்ட் சீல்.

ஷாஃப்ட் சீல் கசிந்தால் அது விட்டுச் செல்லும் அடையாளம் தெளிவானது. கிளட்ச் தட்டு சுற்றும்போது கசிந்த ஆயிலை வட்டமாக வீசியடிக்கும். புல்லிக்கு நேர் எதிரே உள்ள ஃப்ரேமிலோ, பக்கத்து ஸ்பிளாஷ் கவரிலோ, கம்ப்ரஸர் மேலே இருக்கிற வண்டி என்றால் பானெட்டின் உட்பக்கத்திலோ ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு விழுந்திருக்கும். அதன்மேல் தூசி படிந்து பட்டையாக நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு நேராக கிளட்ச்சின் தளத்தோடு ஒத்துப்போவது தெரியும். அந்தக் கோடு இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கோடே இல்லாமல், கம்ப்ரஸரின் மேல்பக்கம் ஹோஸ் வாயைச் சுற்றி மட்டும் பிசுக்கு என்றால் உங்கள் 22,000 ரூபாய் பிரச்சினை சில பத்து ரூபாய் ஓரிங் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் கசிவும் அதே பக்கம் வழிந்து வந்து ஏமாற்றும். முதலில் பெட்ரோலோ பிரேக் கிளீனரோ தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் அடுத்து சோப்பு நுரை. ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவி, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருங்கள். சின்னக் கசிவில் நுரை உடனே பொங்காது. மெல்ல மெல்ல வெள்ளையாகத் திரண்டு நிற்கும். சர்வீஸ் வால்வின் மூடியைக் கழற்றி அந்த வாயிலும் ஒரு சொட்டு விடுங்கள். சைக்கிள் டயர் வால்வில் எச்சில் தொட்டுப் பார்ப்போமே, அதே வித்தை. இந்தப் பின் கசிவதை யாருமே பார்ப்பதில்லை. வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவதே அந்தப் பின்னை அழுத்தித்தான், ஏற்றிவிட்டு மூடி போடாமல் விட்டால் மண் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைவிட உறுதியான வழி நைட்ரஜன். கார் மெக்கானிக்கிடம் இல்லாவிட்டாலும், வீட்டு ஸ்பிளிட் ஏசி மாட்டுகிறவர்களிடம் ரெகுலேட்டரோடு நைட்ரஜன் சிலிண்டர் இருக்கும். சிஸ்டத்தில் கேஸ் இல்லாத நிலையில் 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, வால்வை மூடிவிட்டு, கேஜை ஒரு மணி நேரமாவது கவனிக்க வேண்டும். காலையில் ஏற்றி உச்சி வெயிலில் பார்த்தால் வெப்பநிலை 10 டிகிரி ஏறியதற்கே 5 பிஎஸ்ஐ போல ஏறியிருக்கும், சாயந்தரம் அதே அளவு இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று பஞ்சர் கடைக் காற்றை அடிப்பது கூடாது; ஈரம் உள்ளே போகும், தவிர இந்த ஏசிகளில் ஓடும் ஆர்134ஏ என்ற கேஸ் அழுத்தக் காற்றோடு கலந்தால் எரியக்கூடிய கலவையாகலாம். வெல்டிங் ஆக்ஸிஜனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஆயிலும் அழுத்த ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் நுரை எட்டாது. அதற்கு யூவி டை (புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) நல்லது. கேஸோடு சில மில்லி டை கலந்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் ஓட்டியபின் இருட்டில் யூவி டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் போட்டுப் பார்த்தால் கசிந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். ஏசி தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் அந்த நிறம் தெரிந்தால் கூலிங் காயில் போயிருக்கிறது என்று அர்த்தம், கம்ப்ரஸரைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று. கேஸ் சரியாக இருந்தும் கம்ப்ரஸர் இழுக்காமல் போவதும் உண்டு. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் குடிவந்துவிடும், கிளட்ச் ஒயரைக் கடித்துத் துப்பிவிடும். ஃபியூஸ், ரிலே, ஒயர் மூன்றையும் பார்க்காமல் கேஸ் இல்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். அதேபோல நிறுத்தியிருக்கும் வண்டியில் கேஜ் மாட்டி "100 பிஎஸ்ஐ இருக்கே, கேஸ் ஃபுல்" என்று சொல்வதும் சரியில்லை. உள்ளே திரவமாகக் கொஞ்சம் கேஸ் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 32 டிகிரியில் ஆர்134ஏ சுமார் 103 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் அதுதான், 150 கிராம் இருந்தாலும் ஏறக்குறைய அதுதான்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, கசிவது கம்ப்ரஸர்தான் என்று வைத்துக்கொள்வோம். கழற்றுவதற்கு முன் மிச்ச கேஸை ஏசி கடையில் மெஷினில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னை அழுத்தி வாசலில் ஊதிவிடுவதை நிறைய பேர் செய்கிறார்கள். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஆர்134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து கொப்புளமாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய ஷெட்டில் தரையோடு தங்கி மூச்சை அடைக்கும். அடுப்புத் தீயிலோ பீடி நெருப்பிலோ பட்டால் சிதைந்து கடுமையான அமிலப் புகையாகும். இரண்டாவது, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்134ஏ வளிமண்டலத்தைச் சூடாக்குவது 1,300 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஓசோனுக்கு இதனால் கேடில்லை என்றுதான் பழைய ஆர்12 கேஸுக்குப் பதில் இது வந்தது. இப்போது இதையும் குறைக்கச் சொல்லி 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகளிடையே உடன்பாடு ஆகி, இந்தியா 2021-ல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மெஷினில் இறக்கிய கேஸைச் சுத்தம் செய்து திரும்ப உங்கள் வண்டிக்கே போடலாம், காசும் மிச்சம்.

ஒரு விலக்கு: ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடாது, உயர் மின்னழுத்தத்தில் ஓடும். ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். இனிச் சொல்வதெல்லாம் பெல்ட் கம்ப்ரஸருக்கு மட்டும்.

கேஸ் இறக்கிய வண்டியில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் வழியை ஃபோனில் படம் எடுத்துவிட்டுத் தளர்த்துங்கள். கிளட்ச் கனெக்டரை விடுவித்து, இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். மிச்ச அழுத்தம் இருக்கலாம், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நட்டை மெதுவாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய கையோடு ஹோஸ் வாய்களையும் கம்ப்ரஸர் வாய்களையும் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு போட்டு மூடுங்கள். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அப்படி. ஐப்பசி அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். பங்குனி வெயிலில் செய்யுங்கள்.

ஹோஸ் வாய் ஓரிங் மட்டும்தான் கோளாறு என்றால் கம்ப்ரஸரை இறக்கவே தேவையில்லை. ஆனால் ஓரிங்கைப் பிளம்பிங் கடையில் அளவு பார்த்து வாங்காதீர்கள். ஏசிக்கென்று வரும் ஓரிங், ஆர்134ஏ கேஸும், கம்ப்ரஸரில் ஊற்றும் பிஏஜி ஆயிலும் தின்னாத ரப்பரில் செய்தது, பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். சாதாரண ஓரிங் நாளடைவில் உப்பிச் சிதைந்துவிடலாம். பள்ளத்தைத் துணியால் துடையுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவு. புது ஓரிங்கில் ஏசி ஆயில் தொட்டுப் போட்டு, கையால் கடைசிவரை திருகியபின் ஸ்பேனர் வையுங்கள். அலுமினிய மரை, அதிகம் இறுக்கினால் கையோடு வந்துவிடும்.

ஷாஃப்ட் சீல்தான் என்றால் கம்ப்ரஸரை மேஜைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். முதலில் லேபிளைப் படித்து மாடல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். காரின் பெயரைச் சொல்லிச் சீல் கேட்டால் தவறானது கையில் வரும். ஒரே காரில் ஆண்டுக்கு ஆண்டு கம்ப்ரஸர் மாறியிருக்கும். அதோடு அந்த மாடலில் சீல் முன்பக்கமாகக் கழலுமா, உடலைப் பிரித்தால்தான் வருமா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். பிரிக்க வேண்டிய வகை என்றால் வீட்டில் தொடாதீர்கள். உள்ளே பிஸ்டன், தட்டு, ரீட் வால்வு என்று எல்லாம் நுண்ணிய இடைவெளியில் நிற்பவை.

வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை. கிளட்ச் நடுத் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான தடையோடு வழுவழுவென்று சுற்ற வேண்டும். கரகரவென்று இருந்தால், அல்லது ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்துச் சுற்றினால் சீல் மாற்றுவது வீண். பிறகு கம்ப்ரஸரைக் கவிழ்த்து, தட்டைச் சுற்றிக்கொண்டே ஆயிலை அளவு பாட்டிலில் வடியுங்கள். எத்தனை மில்லி என்று எழுதிவையுங்கள். ஆயில் தெளிவாகவோ, லேசான மஞ்சளாகவோ, டை போட்டிருந்தால் பச்சையாகவோ இருந்தால் நல்லது. கறுப்பாக, சூரியனில் காட்டினால் வெள்ளித்தூள் மின்னினால் கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன 22,000 ரூபாயைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டியதுதான். அந்தத் தூள் கண்டென்சர்வரை போயிருக்கும், அதையும் சேர்த்து மாற்றாமல் புதுக் கம்ப்ரஸரைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

ஆயில் சுத்தம் என்றால் மேலே போகலாம். கிளட்ச் தட்டைப் பெல்ட் ரென்ச்சால் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றுங்கள். தட்டு தானாக வரவில்லை என்றால் அதற்கான புல்லர் போட்டு இழுக்க வேண்டும். ஷாஃப்ட் தலையில் சுத்தியல் அடி விழக் கூடாது. தட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆயில் பசையில் தட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது, உதறினால் மண்ணில் விழுந்து தொலையும். ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அப்புறம் சர்க்ளிப்பை (பள்ளத்தில் உட்காரும் பிடிப்பு வளையம்) கழற்றிப் புல்லி, அதற்குப் பின்னால் கிளட்ச்சை இழுக்கும் மின்காந்தக் காயில். காயிலை முழுக்கக் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இப்போது கம்ப்ரஸரின் மூக்குக்குள் சீல் தெரியும். அதைப் பிடித்திருக்கும் உள் சர்க்ளிப்பை எடுக்கும் முன் அந்த இடம் முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். சீல் வெளியே வந்தபின் விழும் ஒரு மணல் போதும். சர்க்ளிப்பின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீலை அதற்கான கொக்கியால்தான் இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஷாஃப்ட்டில் கீறும்.

சீல் வந்தபின் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் ஒன்று உண்டு, பலரும் தாண்டிப் போய்விடுவது. சீலின் உதடு உட்கார்ந்திருந்த இடத்தில் ஷாஃப்ட்டில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தின் குறுக்கே, ஷாஃப்ட்டின் நீளவாக்கில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டுப்படாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். தட்டுப்பட்டால் பள்ளம் விழுந்துவிட்டது. துருப்புள்ளிகள் இருந்தாலும் அதே கதை. புதுச் சீல் போட்டாலும் சில வாரத்தில் அங்கேயே கசியும். எமரி தாளால் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். தேய்த்த தூள் பேரிங்கில் போகும், பள்ளமும் போகாது.

ஷாஃப்ட் நன்றாக இருந்தால் புதுச் சீலைச் சுத்தமான ஏசி ஆயிலில் நனைத்து, உதடு உள்பக்கம் பார்க்க, ஷாஃப்ட்டின் பற்கள்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டி அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். கிட்டிலேயே உறை வராவிட்டால் கெட்டியான வழவழப்புத் தாளைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். உறை இல்லாமல் தள்ளினால் பற்களின் கூர்முனை உதட்டைக் கிழித்துவிடும், கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது. சர்க்ளிப் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஷிம்களை அதே கணக்கில் போட்டு, போல்ட்டை இறுக்கி, கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்கும், உங்கள் மாடலுக்கு உரிய அளவு சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. மூன்று இடத்தில் அளந்து மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அதிகம் என்றால் சூடானபின் கிளட்ச் பிடிக்காது. குறைவு என்றால் ஏசியை அணைத்தாலும் உரசிக்கொண்டே கருகும்.

ஆயிலில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. வடித்த அளவுக்குப் புது ஆயில், கசிந்ததற்காக 10, 15 மில்லி கூடுதல். பிஏஜி ஆயிலில் 46, 100, 150 என்று கெட்டித்தன்மை உண்டு, கம்ப்ரஸர் லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆயில் இது. போன வருஷம் திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பாவை வாங்காதீர்கள். உங்கள் கண்முன்னே சீல் உடைக்கச் சொல்லுங்கள். டிரையரையும் இதோடு மாற்றிவிடுங்கள். திறந்து வைத்த சிஸ்டத்தில் டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்து போயிருக்கும். புது வண்டிகளில் அது கண்டென்சரின் ஓரத்துக் குழாய்க்குள் ஒரு பையாக இருக்கும்.

இனி மெஷின் கடை. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது வாக்குவம். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு "போதும்ணே" என்பார்கள். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டுமென்றால் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கி, ஆவி வெளியேறவும் நேரம் வேண்டும். முக்கால் மணியாவது ஓடட்டும். அணைத்தபின் கேஜ் முள் இருபது நிமிஷம் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரம் மிச்சமிருந்தால், கேஸ் விரிந்து குளிரும் இடமான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து, ஏசி கொஞ்ச நேரம் குளிர்ந்து கொஞ்ச நேரம் வெறும் காற்று தரும். நாளாவட்டத்தில் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும்.

இரண்டாவது எடை. பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான். தராசில் வைத்து அந்த எடைக்கு ஏற்ற வேண்டும். "ஒரு கேன் போட்டாச்சு, கூலிங் வந்துடுச்சு" என்பது கணக்கே இல்லை. அதிகமானால் ஹை சைடு (கம்ப்ரஸர் அழுத்தி வெளியே அனுப்பும் பக்கம்) அழுத்தம் ஏறி, இப்போதுதான் மாற்றிய சீல்மேலேயே பாரம் விழும். ஏற்றியபின் சுமார் 35 டிகிரி வெயிலில் லோ சைடு (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் பக்கம்) 30, 40 பிஎஸ்ஐ, ஹை சைடு 200 முதல் 250 பிஎஸ்ஐ காட்டினால் ஒழுங்கு. கேன் வாங்கி வீட்டிலேயே ஏற்றிப் பார்க்கிற ஆசை வந்தால், ஹை சைடு வாயில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தம் திரும்பிக் கேனுக்குள் போனால் கேன் வெடிக்கும். லோ சைடு வாய் 13 மில்லிமீட்டர், ஹை சைடு 16. அளவு வேறாக வைத்திருப்பதே இந்தத் தவறு நடக்காமலிருக்கத்தான்.

குறுக்கு வழிகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், கட்டாயம் யாராவது சிபாரிசு செய்வார்கள். கசிவை அடைக்கும் மருந்து என்று கேஸோடு ஏற்றும் டப்பா: ஈரம் பட்ட இடத்தில் இறுகும் பொருள் அது. வால்வுக்குள்ளும் இறுகும், கடைக்காரரின் மெஷினுக்குள்ளும் இறுகும். அது போட்ட வண்டியை நல்ல கடையில் மெஷினில் மாட்டவே மாட்டார்கள். எம்-சீல் பூச்சு 200 பிஎஸ்ஐக்கும் எஞ்சின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் நிற்காது. சமையல் கேஸ் கலந்தால் நல்ல குளிர்ச்சி என்பார்கள். குளிர்ச்சி வரும், ஆனால் கூலிங் காயில் கசிந்தால் அது நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் வரும். பிரஷர் ஸ்விட்சை ஒயரால் நேர் பண்ணுவது இன்னும் மோசம். கேஸ் குறைந்தால் ஆயிலும் சரியாகத் திரும்பாது என்றுதான் அந்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. அதை ஏமாற்றினால் சீலோடு போகவேண்டியது கம்ப்ரஸரோடு போகும்.

சீல் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கும் நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கக் கிராமங்களில் பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, கார் கவர் போட்டுத் திண்ணை ஓரத்தில் நிற்கும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் ஸ்டார்ட் ஆகும். சீலின் உதடு ஆயில் படாமல் காய்ந்து இறுகி, முதல் நாள் ஏசி போட்டதும் கசிய ஆரம்பிக்கும். வண்டியை வெறுமனே ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாது. வாரம் ஒருமுறை பத்து நிமிஷமாவது ஏசியையும் போட்டு ஓடவிடச் சொல்லுங்கள், மார்கழிக் குளிரிலும்.

ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்தோ, ஆயிலில் தூள் தெரிந்தோ கம்ப்ரஸரே மாற்ற வேண்டும் என்று முடிவானால், முதல் இடம் புதுசுக்கு. பழைய வண்டியில் கழற்றியது வாங்குவதென்றால் வாய்கள் மூடி போட்டு அடைத்திருக்கிறதா, கையால் சுற்றினால் வழுவழுப்பா, வடிக்கும் ஆயில் தெளிவா என்ற மூன்றையும் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். வாய் திறந்தபடி அலமாரியில் மழைக்காலம் கழித்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதுசு வாங்கினால் உள்ளேயே முழு சிஸ்டத்துக்குமான ஆயில் பெரும்பாலும் இருக்கும். பழையதில் வடித்த அளவோடு ஒப்பிட்டு மிகையை வடித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, அந்த ஈரக்கோடு இருக்கிறதா என்று நாளைக் காலையே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கம்ப்ரஸர் லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்பினால், சீல் முன்பக்கம் கழலும் வகையா என்பதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.